துக்கம் தாண்டாத வீதி

கீழ ராஜ வீதியின் வீடுகள் முன்னால் நகரத் தொடங்கியது 1948-ஆம் வருடம் பங்குனி மாதத்தில். புதுக்கோட்டைச் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. துவரம்பருப்பு விலை ஏறியிருந்தது. சமஸ்தானத்து அம்மன் காசு இனிச் செல்லுமா செல்லாதா என்று கடைக்குக் கடை வாய்த்தகராறு. இத்தனைக்கும் நடுவில் வீடுகள் ஒரு சாண் முன்னால் வந்துவிட்டதை யார் கவனிக்கப்போகிறார்கள்? பாத்திரக்கடை ஆவுடையப்பன் மட்டும் கவனித்தார். அவருக்குத் தெரியாமல் அந்த வீதியில் ஒரு காக்கைகூட இடம் மாறி உட்கார்ந்ததில்லை.

அவர் கவனித்தது வெற்றிலை எச்சிலால். காலையில் கல்லாவில் உட்கார்ந்து முதல் வெற்றிலையை மென்று, இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டித் துப்பினால் அது வாசலை ஒட்டி ஓடும் சாக்கடையில் போய் விழும். அவருடைய அப்பா கல்லாவில் உட்கார்ந்த காலத்திலிருந்து அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அது சாக்கடையைத் தாண்டிப்போய், வழியோடு போன ஒரு வாத்தியாரின் வேட்டி ஓரத்தில் விழுந்தது. வாத்தியார் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார். ஆவுடையப்பனுக்குத் தன் வாயின் மேல் நம்பிக்கை இருந்தது. எழுந்துபோய்க் குனிந்து பார்த்தார். வாசல் கல்படி பாதிச் சாக்கடையை மூடிக்கொண்டு நின்றது. ஊரிலுள்ள கல்தச்சர்கள் எல்லாம் கூடி இழுத்தாலும் அசையாத படி அது. நிமிர்ந்து எதிர்ச்சாரியைப் பார்த்தார். ஜவுளிக்கடை கண்ணுசாமி வீட்டுப் படியும் அதேபோலச் சாக்கடை மேல் ஏறி நின்றது. அப்படியா சங்கதி என்று சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

புதுக்கோட்டை தலைநகரமாக இருந்த ஊர். நடுவில் பழைய அரண்மனை, அதைச் சுற்றி நான்கு ராஜ வீதிகள், அவற்றுக்குப் பின்னால் இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, குறுக்கே சந்துகள் என்று புள்ளி வைத்துக் கோலம் போட்ட மாதிரி நேர்நேராகப் போட்ட ஊர். வெளியூர்க்காரன் வேண்டுமென்று முயன்றாலும் அங்கே வழி தவற முடியாது. நான்கு வீதிகளில் பெரியது கீழ ராஜ வீதி. எதிரெதிராக இரண்டு சாரட்டுகள் போகும்போது நடுவில் ஒரு யானை நிற்கலாம் என்று அதன் அகலத்தைச் சொல்வார்கள். கோடைக்காலத்தில் மாலையானால் தண்ணீர் வண்டி வந்து புழுதி அடங்கத் தெளித்துவிட்டுப் போகும். தசரா ஊர்வலம் அந்த வழியாகத்தான் வரும். அந்த வீதிக்கு ஒரு சட்டமும் இருந்தது. எந்த ராஜா போட்டது, எந்த திவான் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் துக்கம் அந்த வீதியைத் தாண்டக்கூடாது. மேலச்சாரியில் சாவு விழுந்தால் மேலச்சாரிக்காரர்கள்தான் போவார்கள். கீழச்சாரிக்காரர்கள் வேறு ஊர்ச் செய்தி மாதிரி கேட்டுக்கொண்டு இருந்துவிட வேண்டும். பாடை பின்சந்து வழியாகப் போகும். சங்கு, சேகண்டி, ஒப்பாரி எதுவும் வீதிப்பக்கம் கேட்கக்கூடாது. மங்கலமாக இருக்க வேண்டிய வீதி என்றார்கள். இதில் ஒரு கஷ்டம் என்னவென்றால், துக்கம் கேட்காமல் துக்க வீட்டுக்காரர் முகத்தில் முழிக்க முடியாது. கேட்காமல் விட்டுவிட்டு மறுநாள் போய், என்ன சாப்பிட்டீங்க என்று எந்த முகத்தோடு கேட்பது? அதனால் ஒவ்வொரு சாவுக்கும் இந்தச் சாரியில் ஒரு வீடும் அந்தச் சாரியில் ஒரு வீடும் பேச்சு வார்த்தை இல்லாமல் போகும். மனஸ்தாபம் எதுவும் கிடையாது, சங்கடம்தான். ராஜாங்கம் போன பிறகு இந்தச் சட்டத்தை யாரும் ரத்து செய்யவில்லை. யாரும் போடாத உத்தரவை யார் வந்து ரத்து செய்வார்கள்?

ஆவுடையப்பனுக்கும் கண்ணுசாமிக்கும் பேச்சு நின்றதற்குக் காரணம் ஒரு குதிரை. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தசரா ஊர்வலத்தில் சாரட்டின் முன்குதிரை நடு வீதியில் திடீரென்று நின்றது. ஊர்வலம் எந்த வீட்டு வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்கு அந்த வருடம் யோகம் என்பது நம்பிக்கை. ஆவுடையப்பன் கும்பிட்டுத் தலை நிமிர்ந்தபோது குதிரை கண்ணுசாமி வீட்டுப் பக்கமாக ஒதுங்கி நின்றுகொண்டிருந்தது. கண்ணுசாமி மடியில் வெல்லம் வைத்திருந்து காட்டியிருக்கிறான் என்று அவர் அன்றே முடிவுக்கு வந்துவிட்டார். அந்த வருடம் கண்ணுசாமிக்கு ஜவுளி வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது ஆவுடையப்பனின் முடிவை உறுதிப்படுத்தியது. அதே நாள் மதியம் ஆவுடையப்பனின் ஒரே மகள் செவந்தி மூன்று வயதில் காய்ச்சல் கண்டு இறந்திருந்தாள். ஊர்வலம் போய்முடியும்வரை சத்தம் வெளியே போகக்கூடாதென்று மாடி ஜன்னல்களைச் சாத்தச் சொல்லிவிட்டு, பட்டு அங்கவஸ்திரத்தைப் போட்டுக்கொண்டு அவர் கல்படியில் வந்து நின்றிருந்தார். பொழுது சாய்ந்த பிறகு பின்சந்து வழியாகப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். இதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. குதிரையைப் பற்றித்தான் பேசுவார்.

ஆகவே வீடு நகர்ந்தது என்றதும் சந்தேகம் நேராகக் கண்ணுசாமி மேல் போய் நின்றது. என்ன செய்திருப்பான், எப்படிச் செய்திருப்பான் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் படிக்கு முன்னால் தரையில் ஒரு சாணிப்பொட்டு வைத்தார். மறுநாள் பொட்டு படிக்கு அடியில் போய்விட்டது. வாசலைச் சுற்றிச் சாம்பல் தூவினார். சாம்பலில் பூனைக்கால்கூடப் பதியவில்லை, ஆனால் படி சாம்பலைத் தள்ளிக்கொண்டு முன்னேறியிருந்தது. கடையில் வேலை பார்த்த பிச்சை என்கிற ஆளைக் காவலுக்குப் போட்டார். பிறகு பிச்சை கண்ணுசாமியிடம் சம்பளம் வாங்குகிறானோ என்று தோன்ற, அவனைக் காவல் காக்கத் தானே உட்கார்ந்தார். நடுமதியம் வீதி கண்ணயரும் நேரத்தில் உத்தரத்திலிருந்து கட்டில் சட்டம் முனகுவதுபோல ஒரு சிறு சத்தம் வந்தது. பார்த்தால் வீடு நகர்ந்திருந்தது. எதிரே கண்ணுசாமியும் தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். அவருக்கு ஆவுடையப்பன் மேல் சந்தேகம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு வீடுகளும் இன்னொரு விரற்கடை நெருங்கின.

ஒரு வருடத்தில் விஷயம் வீதி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. எல்லா வீடும் வந்துகொண்டிருந்தது. சில வீடுகள் வேகமாக, சில வீடுகள் மெதுவாக. மேலச்சாரிக்காரர்கள் கீழச்சாரிக்காரர்களைச் சந்தேகப்பட்டார்கள். கீழச்சாரிக்காரர்களுக்கு நகராட்சி மேல் சந்தேகம். நகராட்சிக்கு எல்லார் மேலும் சந்தேகம். ராஜா இல்லையென்றதும் வீதிக்குச் சொந்தக்காரன் இல்லையென்று நினைத்து எல்லாரும் முன்னால் இழுத்துக் கட்டுகிறார்கள் என்று ஓவர்சியர் திருப்பதி எழுதினார். கட்டின சுண்ணாம்பு எங்கே, செங்கல் எங்கே, கொத்தனார் யார் என்று மேலிடத்தில் கேட்டபோது அவரால் பதில் எழுத முடியவில்லை. போலீஸ்காரர்கள் இதில் அரண்மனை ஆட்களின் கை இருக்குமோ என்று கொஞ்சநாள் சாதாரண உடுப்பில் சுற்றினார்கள். சாதாரண உடுப்பிலும் அவர்கள் போலீஸ் நடையே நடந்ததால் யாரும் ஏமாறவில்லை.

வீடுகள் ஊர்வலம் பார்க்க வந்து நிற்கின்றன, ஊர்வலம் ஒன்று விட்டால் ஒதுங்கிவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. திருச்சியிலிருந்து வந்த அதிகாரியின் ஜீப்பை விட்டுப் பார்த்தார்கள். ஜீப் போனது, திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே வந்து சேர்ந்தது. பொதுத் தேர்தல் வந்தபோது எல்லாக் கட்சிக்காரர்களும் கொடியோடு போனார்கள். கொட்டகை போட்டிருந்த சர்க்கஸ்காரரிடம் சொல்லி யானையைக் கூட்டிவந்தார்கள். யானை வீதிமுனையில் நின்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வரமாட்டேன் என்று திரும்பிவிட்டது. ஒவ்வொரு தடவையும் வீடுகள் ஒதுங்கவில்லை, இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்தன. அந்தப் பக்கம் வண்டி மாடு நுழைவது நின்றது. வீடுகள் முன்னால் போகப் போகப் பின்னாலிருந்த இரண்டாம் வீதி அகலமாகிக்கொண்டே வந்தது. பஸ்கள் அங்கிட்டுத் திரும்பின. காய்கறிக் கடைகளும் காப்பிக் கிளப்பும் அங்கிட்டுப் போயின. தலைநகரத்தின் பெரிய வீதி ஒரு சந்தாகவும் பின்னாலிருந்த சின்ன வீதி பெரிய வீதியாகவும் மாறியதற்கு ஊர் ஐந்தாறு வருடத்தில் பழகிவிட்டது. அன்னவாசலிலிருந்து வருகிறவர்கள் இரண்டாம் வீதியையே ராஜ வீதி என்று சொல்லத் தொடங்கினார்கள்.

ஆவுடையப்பன் மட்டும் பழகவில்லை. ஊரிலேயே அதிகம் நெருங்கிவிட்ட வீடுகள் அவர் வீடும் கண்ணுசாமி வீடும்தான். நடுவில் ஒரு ஆள் குடை விரித்து நடக்க முடியாது. கடைக்குள் வெயில் வருவது நின்றுவிட்டது. பட்டப்பகலில் விளக்கு வைத்துக்கொண்டு பித்தளைக் குடம் விற்க வேண்டியிருந்தது. குடம் வாங்க வந்தவர்கள், ஓட்டையை மறைக்கத்தான் இருட்டில் விற்கிறார் என்று சந்தேகப்பட்டார்கள். இதற்கு மேல் 1955-ஆம் வருடம் நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. தை மாதம் பொங்கல் கழிந்ததும் பழைய எல்லைக்கோட்டுக்கு வெளியே நிற்கிற எல்லா முகப்பும் இடிக்கப்படும். ஆவுடையப்பன் வீட்டு முகப்பு அவருடைய அப்பா பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு கொண்டுவந்து தூண் நிறுத்திக் கட்டியது. அந்தத் தூண்கள் போனால் மாடி நிற்காது, மாடி போனால் வீடே இல்லை. அவர் மனிதர்களை அவ்வளவாக நேசித்தவர் இல்லை. அந்தத் தூண்களை நேசித்தார். தினமும் கல்லாவில் உட்காருமுன் ஒரு தூணையாவது தடவிக்கொடுப்பார். நோட்டீஸ் வந்த அன்று இரண்டு தூண்களையும் தடவிக்கொடுத்தார்.

சந்தேகம் வெளியே போய்ப் போய் அலுத்துவிட்டால் வீட்டுக்குள் திரும்பும். அவருடைய மனைவி அமிர்தவல்லி நார்த்தாமலைப் பெண். அதிகம் பேசாதவள். மாடியில் பாத்திரங்கள் அடுக்கி வைத்திருந்த அறையில் எதிர் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். எதிர் ஜன்னல் கண்ணுசாமியின் மனைவி மீனம்மாளுடையது. வீதி அகலமாக இருந்த காலத்தில் இரண்டு ஜன்னலும் நாள்முழுக்கத் திறந்திருக்கும். நெருங்க நெருங்க இரண்டும் சாத்தத் தொடங்கின. இதுதான் ஆவுடையப்பனுக்கு உறுத்தியது. தூரத்தில் இருக்கும்போது திறந்து வைத்தவர்கள் பக்கத்தில் வந்ததும் ஏன் சாத்துகிறார்கள்? மறைக்க ஏதோ இருக்கிறது. வீட்டை இழுக்கிற சூட்சுமம் அந்த அறையில்தான் இருக்கிறது என்று அவர் தீர்மானித்தார்.

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம், கடையைப் பிச்சையிடம் விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறினார். கல்யாணச் சமையலுக்கு வாடகைக்குப் போகும் பெரிய அண்டாவுக்குப் பின்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அமிர்தவல்லி வந்தாள். சாத்திய ஜன்னலுக்கு முன்னால் சும்மா நின்றாள். கயிறு இல்லை, எலுமிச்சம்பழம் இல்லை, முணுமுணுப்பு இல்லை. உத்தரத்தில் அந்தக் கட்டில் சத்தம் வந்தது. வீடு நகர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் சட்டமும் இந்த ஜன்னல் சட்டமும் டக்கென்று இடித்துக்கொண்டன, இடித்த வேகத்தில் நான்கு கதவுகளும் திறந்துகொண்டன. இரண்டு பெண்களும் ஒருவர் மூச்சு ஒருவர் மேல் படுகிற தூரத்தில் நின்றார்கள். ஒளிய இனி இடமில்லை.

மீனம்மாள்தான் முதலில் பேசினாள். "அமிர்தம், நான் ஒன்கிட்ட துக்கம் கேக்கலையேடி."

"கேக்கலையேக்கா."

"நீ வாயில முந்தானைய அடைச்சுக்கிட்டு இந்தச் சன்னல்ல நின்னத நான் பாத்தேன்டி. கீழ தம்பட்டம் அடிக்கிறான், நாகசுரம் வாசிக்கிறான், நீ சத்தமில்லாம நிக்கிற. எனக்கு வந்து ஒன்னையக் கட்டிக்கிடணும்னு இருந்துச்சு. வரலையேடி. செவந்தி போனத நான் கேக்கவே இல்லையேடி."

அமிர்தவல்லியின் வாயிலிருந்து அப்போது வந்த சத்தத்தை ஆவுடையப்பன் அதற்கு முன் கேட்டதில்லை. அது அன்றைக்கு வராமல் போன அழுகை. இத்தனை வருடம் உள்ளே இருந்தும் அதன் சூடு குறையவில்லை. இரண்டு பெண்களும் ஜன்னல் வழியே கழுத்தைக் கட்டிக்கொண்டு, செவந்தி, என் தங்கமே என்று பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அடுக்கி வைத்திருந்த பித்தளைக் குடங்களும் தவலைகளும் அந்த அழுகையை வாங்கி அதிர்ந்தன. அவர் முகத்துக்கு முன்னாலிருந்த அண்டா எல்லாவற்றையும்விட அடித்தொண்டையில் அதிர்ந்தது. ஆவுடையப்பன் காதைப் பொத்திக்கொண்டார். எழுந்து போகலாம் என்றால் கண்டுபிடித்துவிடுவார்கள். அழுகை அடங்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடங்குவதற்குள் வீடு பின்னால் போகத் தொடங்கியது. கட்டிக்கொண்டிருந்த கைகள் நீண்டு, விரல்கள் மட்டும் பிடித்துக்கொண்டு, பிறகு அதுவும் விட்டுப்போனது. இரண்டு பெண்களும் படியிறங்கி ஓடி நடு வீதியில் நின்று மறுபடியும் கட்டிக்கொண்டார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது. மேலச்சாரிப் பெண்கள் கீழச்சாரிக்கும் கீழச்சாரிப் பெண்கள் மேலச்சாரிக்கும் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு போனார்கள். தாத்தா காலத்துச் சாவுகளுக்கெல்லாம் துக்கம் கேட்டார்கள். காலராவில் போனவர்கள், பிரசவத்தில் போனவர்கள், ரங்கூனுக்குப் போய் வராதவர்கள், பெயர் வைக்குமுன் போன பிள்ளைகள் என்று ஒருவரையும் விடவில்லை. ஒரு வாரத்துக்கு வீதி முழுக்க ஒப்பாரி. பெரிய தலைவர் யாரோ காலமாகிவிட்டதாக நினைத்துக் குளத்தூர் வரை கடைகளை அடைத்துவிட்டார்கள். போலீஸ்காரர்கள் வந்து யார் செத்தது என்று கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பெயர் சொன்னார்கள். அவர்கள் சந்தேகத்தோடு திரும்பிப் போனார்கள். வீடுகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. இரண்டாம் வீதியில் கடை போட்டிருந்தவர்கள் பின்சுவர்கள் வருவதைப் பார்த்து நிதானமாகச் சாமான்களை எடுத்துக்கொண்டு பழைய இடத்துக்கு வந்தார்கள்.

பொங்கல் கழிந்து ஓவர்சியர் திருப்பதி கடப்பாரை ஆட்களோடும் அளக்கிற சங்கிலியோடும் வந்தபோது இடிக்க எதுவும் இல்லை. வடமுனையிலிருந்து தென்முனை வரை நூல் பிடித்த மாதிரி நின்றது வீதி. ஒரே ஒரு இடம்தான் பிசகியிருந்தது. ஆவுடையப்பன் வீட்டு வாசல் கல்படியும் அதோடு சேர்ந்த இரண்டு தூண்களும் கோட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றன. வீடு பின்னால் போயிருந்தது, அந்த வாசல் மட்டும் போகவில்லை. ஊரே யோக்கியமாக இருக்கும்போது தன் வாசலைப் பிடித்துவைத்த சதிகாரன் யார் என்று ஆவுடையப்பன் வீதியில் நின்று கத்தினார். திருப்பதி நல்ல மனிதர். திங்கட்கிழமை காலை வரை தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

அன்று சாப்பாடு போடும்போது அமிர்தவல்லி அவளாகவே பேசினாள். "ஒங்ககிட்ட யாரும் கேக்கல. அதான் நிக்குது."

"என்னத்தக் கேக்கல?"

"துக்கம்."

"எனக்கென்னடி துக்கம்? வியாபாரம் பண்றவனுக்கு ஏது துக்கம்?" என்றார். சொல்லி வாய் மூடுமுன் வாசல் பக்கம் கல் உரசும் சத்தம் கேட்டது. எழுந்துபோய்ப் பார்த்தார்கள். படி இன்னொரு சாண் முன்னால் போயிருந்தது. ஆவுடையப்பன் எச்சில் கையோடு அங்கேயே நின்றார். அதன் பிறகு திங்கட்கிழமை வரை அவர் யாரிடமும் எதுவும் பேசவில்லை. வாயைத் திறந்தால் வீடு கேட்டுவிடுமோ என்று பயம். வீட்டையே சந்தேகப்படும் நிலைக்கு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை கடப்பாரை ஆட்கள் வந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள். ஆவுடையப்பன் கல்படியில் போய் ஒரு தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இடிப்பதென்றால் என்னையும் சேர்த்து இடியுங்கள் என்று சொல்லவில்லை; அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். அப்போது எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கண்ணுசாமி தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு வீதியைத் தாண்டி வந்தார். பின்னால் மீனம்மாள் வாசலில் நின்று அவர் நடுவழியில் திரும்பிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையப்பன் வாங்க என்று சொல்லவில்லை. துக்கம் கேட்க வருகிறவரை வாங்க என்று சொல்லும் வழக்கமில்லை. வழக்கத்துக்காகச் சொல்லவில்லையா, பகைக்காகச் சொல்லவில்லையா என்று பார்த்தவர்களுக்கு விளங்கவில்லை. கண்ணுசாமி முன்னால் வந்து குனிந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

ஆவுடையப்பன் கையைப் பார்த்தார், தொடவில்லை. அவருக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. "குதிரைக்கி வெல்லம் காட்டுனியா இல்லியா?"

"இல்லண்ணே."

"பொய் சொல்ற. ஒன் வாசல்லதான நின்னுச்சு?"

"எங்க பக்கம் ஒதுங்கித்தான்ணே நின்னுச்சு. ஒதுங்கி நின்னாத்தான ஒங்க மாடி தெரியும்? தலையத் தூக்கி ஒங்க சன்னலப் பாத்துச்சு. அண்ணி நின்னாங்கள்ல, அவங்களப் பாத்துச்சு. வண்டிக்காரன் சவுக்கால தட்டுறான், அது நகரல. வீதியே பாத்துச்சுண்ணே. நீங்க தலையக் குனிஞ்சு கும்பிட்டுக்கிட்டு இருந்தீங்க, நீங்க பாக்கல." கண்ணுசாமி நீட்டிய கைகளை மடக்கவில்லை. "அன்னைக்கே வந்திருக்கணும். துக்கம் தாண்டக்கூடாதுன்னு இருந்துட்டேன். அப்புறம் நீங்க குதிரையப் பேசுனீங்க, எனக்கும் வீம்பு வந்துருச்சு. புள்ள போயிருச்சேண்ணே."

ஆவுடையப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் பொய்யைத் தேடிப் பழகிய கண்கள் கண்ணுசாமியின் முகத்தில் எங்கெங்கோ தேடின. ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு தலையைத் தூக்கித் தன் வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்தார். அமிர்தவல்லி அங்கே நின்றிருந்தாள். வீதியிலிருந்து பார்த்தால் அந்த ஜன்னல் அவ்வளவு நன்றாகத் தெரியும் என்பது அவருக்கு அதுவரை தெரியாது. தூணை விட்டுவிட்டு நீட்டிய கைகளைப் பிடித்துக்கொண்டார். "பட்டுத் துண்டு போட்டுக்கிட்டு நின்னேன்டா கண்ணுசாமி," என்றார். "உள்ள எம்புள்ள கெடக்கு, நான் பட்டுத் துண்டு போட்டுக்கிட்டு இந்தப் படியில நின்னேன்டா." அறுபது வயதை நெருங்கிய மனிதர், கடப்பாரை ஆட்கள் பார்க்க, முழு வீதி பார்க்க, வாய்விட்டு அழுதார். கண்ணுசாமி அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். படியும் தூண்களும் அவர்கள் இரண்டு பேரையும் சுமந்துகொண்டு பின்னால் போய்க் கோட்டுக்குள் நின்றன. அவர்கள் கவனிக்கவில்லை. கண்ணுசாமி சிறிது நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போனார். துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு போகக்கூடாது.

திருப்பதி ஒருமுறை சங்கிலி பிடித்துப் பார்த்துவிட்டு ஆட்களை டீ குடிக்க அழைத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை ஆவுடையப்பன் கல்லாவில் உட்கார்ந்து முதல் வெற்றிலையைத் துப்பினார். அது நேராகச் சாக்கடையில் விழுந்தது.

பிறகும் அந்த வீதியில் எப்போதாவது ஒரு வீடு துருத்திக்கொண்டு நிற்பதுண்டு. யாரும் நகராட்சிக்கு எழுதிப் போடுவதில்லை. எதிர்ச்சாரியிலிருந்து யாராவது துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், என்ன ஏது என்று கேட்டுவிட்டு வருவார்கள். திருப்பதி மாற்றலாகிப் போகும்போது புதிய ஓவர்சியரிடம் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆவுடையப்பன் 1964-இல் இறந்தார். கடைசிவரை பால்காரனையும் தபால்காரனையும் சந்தேகப்பட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருடைய பாடை முன்வாசல் வழியாக, சங்கும் பறையுமாக, கீழ ராஜ வீதியின் நடுவில் போனது. இரண்டு சாரி வீடுகளும் ஓரடி முன்னால் வந்து பார்த்துவிட்டு, வழி விட்டு ஒதுங்கிக்கொண்டன. கண்ணுசாமி வீட்டு வாசலில் தூக்கிப்போனவர்கள் காரணமில்லாமல் சற்று நின்றார்கள். கண்ணுசாமி வெல்லம் காட்டியிருப்பார் என்று கூட்டத்தில் யாரோ சொல்ல, அழுதுகொண்டிருந்த அமிர்தவல்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.